தாத்தாவுக்கு நான் வாசித்த கடிதம்

என் தாத்தாவை எனக்குப் பிடிக்காது. அவர் செத்து இத்தனை வருடம் ஆன பிறகும் பிடிக்கவில்லை. அப்பாவின் அப்பா. இலங்கையில் இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எங்களோடுதான் இருந்தார். வேலை போன பிறகு அவர் அதிகாரம் பண்ணக் கிடைத்தவர்கள் நாங்கள் மட்டுமே.

எனக்குப் பத்து வயது. ஒருநாள் விடிந்தும் விடியாமல் என்னை எழுப்பி, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். தோட்ட மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வயசு என்ன?"

"பன்னெண்டு முடிஞ்சிருச்சுங்க ஐயா. பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குங்க படிப்பு? கொழுந்து பறிக்கட்டும்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"இல்லீங்க ஐயா, எனக்குப் பத்துதான். தாத்தா பொய் சொல்றாரு."

களத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் தாத்தாவின் குரலுக்கு நடுங்கியவர்கள். கண்டாக்கும் சிரித்தார். "என்ன கங்காணி, பேத்தியே இப்பிடிச் சொல்லுது? கூட்டிட்டுப் போ."

திரும்பி வரும் வழியில் தாத்தா விட்ட அறையில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. அன்று மாலை அப்பாவிடம் சொன்னார்: "இந்தக் கழுத இருக்கிற எடத்துல இனி நான் சோறு திங்க மாட்டேன்."

அப்பா அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. என் தட்டை எடுத்து வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தார். "நீ இங்கன உக்காந்து சாப்புடும்மா" என்றார். தாத்தா சாகும் வரை அங்கேதான் சாப்பிட்டேன். சாரல் தட்டில் விழும். அம்மா சாக்கொன்றை என் முதுகில் போர்த்திவிட்டு உள்ளே போவாள். ஆனால் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. தாத்தாவுடன் ஒரு வார்த்தையும் பேசாமல், அவர் இருமலைக் கேட்டபடியே படித்தேன்.

இந்திய வம்சாவளி ஆட்களுக்கு மனுப் போட்டால்தான் இலங்கைக் குடியுரிமை என்றிருந்த காலம்; எனக்குப் பதினாலு வயதானபோது, அவர் போட்டிருந்த மனுவுக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் என்னிடம் கேட்கவில்லை. அம்மாவிடம், "அவள வாசிக்கச் சொல்லு" என்றார்.

நான் உள்ளே போய் அவர் முன்னால் நின்று வாசித்தேன். இடையில் ஒரு வருடம் இந்தியாவில் தங்கியதால், தொடர்ந்து இலங்கையில் வசித்ததாக நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி.

"சரியா வாசிச்சாளா?" என்று அம்மாவைக் கேட்டார். நான் மறுபடியும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் சத்தமாகச் சொன்னேன்: "தள்ளிட்டாங்க. ஒங்களுக்கு இங்க உரிமை இல்லையாம்."

அவர் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். சுவரோரம் குந்தி, தலையில் கை வைத்திருந்தார். அவருடைய மனுவும் தாத்தாவின் அதே ஆதாரங்களை நம்பித்தான் போயிருந்தது. நான் சத்தமாக வாசித்தது எங்கள் எல்லோருக்கும் வந்த பதில். சில மாதங்களில் அப்பாவுடையதும் தள்ளுபடியானது.

அதற்குப் பிறகும் தாத்தா என்னோடு பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து, காய்ச்சலில் போனார். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.