விடுதலைக்கு ஒரு கையெழுத்து

தஞ்சாவூரில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் மங்களாம்பிகைக்குச் சமையல் வேலை. விழாவின் பொருள் விடுதலை. சிறையிலிருந்து, போரிலிருந்து, புருஷனிடமிருந்து தப்புகிறவர்களின் படங்கள் பல நாடுகளிலிருந்து வந்திருந்தன. வெளிநாடுகளில் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த நான் அவற்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பசித்தால் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போவேன். அப்படித்தான் மங்களம் அக்கா பழக்கம்.

மகள் கவிப்ரியா கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷன் இறந்துபோக, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அப்பா வீட்டுக்குத் திரும்பியவர் அவர். அப்பா படுக்கையில் விழுந்ததும் நிலத்தைத் தானே பார்க்க ஆரம்பித்தார். நாற்று விடுவது, நடவுக்கு ஆள் பிடிப்பது, அறுவடை மெஷின்காரனிடம் சண்டை போடுவது எல்லாம் அவர்தான். வயலில் வேலை இல்லாத நாட்களில் சமையலுக்குப் போவார். அப்பா அம்மா இருவரும் போன பிறகும் பட்டா அப்பா பேரிலேயே கிடந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி சதீஷ் இந்த மார்கழியில் லீவில் வந்ததே நிலத்தை விற்கத்தான். அதற்கு அக்கா தன் பங்கை அவனுக்கு விட்டு எழுதித் தர வேண்டும். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலை. "அக்கா விடுதலை கொடுத்துட்டாளா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சிறையை நினைக்க மாட்டார்கள்.

அக்கா கொடுக்கவில்லை. ஆனால் தையில் கவிப்ரியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்று இருப்பது சதீஷ் ஒருவன்தான்.

விழாவின் முதல் நாள் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, மேலே 'விடுதலை' என்று எழுதி, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். விழாவை நடத்திய நாகநாதன் சார், டீ கொண்டுவந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்குங்க சார்?"

"விடுதலைக்கு."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "யாரு சொல்லி விட்டா உங்களை?"

"யாரு சொல்லணும்? மனசாரப் போடணும், அவ்வளவுதான்."

"மாட்டேன். என் தம்பிகிட்டப் போய்ச் சொல்லிடுங்க. கொன்னுபோட்டாலும் விடுதலை எழுதித் தரமாட்டேன்!"

டீத் தட்டு கீழே விழுந்தது. வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் இதைப் போனில் படம் பிடித்தார். என்ன சொல்கிறார் என்று அவர் கேட்க, பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில், 'என் விடுதலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்' என்கிறார் என்று விளக்கினார். கூட்டம் கை தட்டியது. அக்கா அழுதுகொண்டே பின்கட்டுக்கு ஓடினார்.

கூட வேலை பார்க்கும் ராசம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி, துணியில கையெழுத்து வாங்கியா நிலத்தை எழுதிக்குவாங்க?"

"முந்தாநாள் வெத்துத் தாள நீட்டினான். இன்னிக்குத் துணியோன்னு நெனச்சுட்டேன்" என்றார் அக்கா. அவரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அந்த வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் காலையில் சதீஷ் நேராக அடுப்பங்கரைக்கே வந்துவிட்டான்.

"ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டல்ல?"

"உன் பேரை நான் சொல்லலடா."

"தம்பின்னு சொன்னியே! உனக்கு எத்தனை தம்பி இருக்கான்?"

"வித்துட்டா நான் எதைத் திங்கறது?"

"நான் பாத்துக்க மாட்டேனா?"

"பாத்துக்கறவன் ஏண்டா எழுதி வாங்கணும்?"

அவன் குரல் இறங்கியது. "நாளைக்குப் பத்திர ஆபீசுக்கு வா. இல்லேன்னா உம் பொண்ணுக்கு வேற மாமனைத் தேடிக்க."

தாய்மாமன் வராத கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். சண்டை காதில் விழுந்து அவர்கள் ஏற்கெனவே போன் போட்டு விசாரித்திருந்தார்கள். சாயங்காலம் கவிப்ரியா கூப்பிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்தார்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா" என்றாள் பெண். "எனக்காக."

அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். போனை வைத்த பிறகு என்னிடம், "நாளைக்குக் கூட வரியா பாப்பா? படிச்சுச் சொல்ல ஆள் வேணும்" என்றார்.

போனேன். அடித்து வைத்திருந்த பத்திரத்தில் 'எவ்வித வற்புறுத்தலும் இன்றி, முழுமனதுடன்' என்ற வரியைப் படித்தபோது அக்கா குறுக்கே பேசினார்.

"நிக்கற பயிரு?"

"அதைப் பத்தி எழுதலைக்கா."

பத்திரம் எழுதுகிறவர் நிமிர்ந்தார். "எழுதலைன்னா நிலத்தோட போயிடும்மா."

"அறுத்துக்கயேன், யாரு வேணாங்கறா?" என்றான் சதீஷ்.

"அதையும் எழுதச் சொல்லு."

"திரும்ப அடிக்கணும்க்கா. நேரமாகுது."

"விதை நான் போட்டது. மழையில மூழ்கினப்ப வடிச்சது நான். எழுதாம பேனாவைத் தொட மாட்டேன்."

சதீஷ் கத்தினான். வெளியே போனான், திரும்பி வந்தான். கடைசியில் புதிதாக அடித்தார்கள்: நிலத்தில் நிற்கும் சம்பாப் பயிரை மட்டும் மங்களாம்பிகை அறுத்துக்கொள்ளலாம். அந்த வரியை அக்கா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

சார்பதிவாளர் கேட்டார். "முழு மனசோடதானேம்மா?"

அக்கா தம்பியைப் பார்த்தார். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைன்னு சொன்னா?"

"பதிய முடியாது."

அக்கா பேனாவை எடுத்தார். "முழு மனசுதாங்க" என்றார். கையெழுத்துப் போட்டார், கைரேகை வைத்தார், கேமராவைப் பார்க்கச் சொன்னபோது பார்த்தார்.

வாசலில் சதீஷ் டீ வாங்கிவந்து நீட்டினான். அவர் வாங்கவில்லை.

"பந்தக்கால் அன்னிக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னார்.

"எங்கக்கா போற, மண்டபத்துக்கா?" என்றான்.

"வயலுக்கு. தண்ணி வடிக்கணும்."