அண்ணி விட்டுக்கொடுக்காத பாதி மைதானம்

எங்கள் ஊர் மைதானத்தில் முதல் லாரி மண்ணைக் கொட்டியதும் அண்ணி குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தார். லாரியின் முன்சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துவிட்டு, ஊராட்சி மன்றத் தலைவர் தொன்னையில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. உள்விளையாட்டு அரங்கம் வரப்போகிறது என்று ஊரே கை தட்டியது. என் அண்ணன் மனைவி மட்டும் இடது கையில் கேசரியும் வலது கையில் மண்ணுமாக நின்று, "இது மண்ணு இல்லியே தலைவரே" என்றார். கருப்பும் சாம்பலுமாகக் கட்டி கட்டியாக இருந்தது. சுண்ணாம்பு நனைந்த வாடை அடித்தது.

அது பக்கத்துக் கம்பெனியில் இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் எங்களுக்கு அது புதிதல்ல. வீட்டு முன்னால் பள்ளமா, தெருவில் சேறா, மாட்டுக் கொட்டகையில் தண்ணீர் நிற்கிறதா, ஒரு லோடு கசடு கொட்டிவிட்டால் போதும் என்பது எங்கள் ஊர் வழக்கம். கல் மாதிரி இறுகிவிடும், மேலே கனரக லாரியே போகும். அதனால் அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அண்ணிக்கும் கசடின் குணம் ஒன்றும் தெரியாது. அவருடைய கேள்வி வேறு. "காலி சாக்கைக்கூட எண்ணிப் பாத்துதான் கேட்டுக்கு வெளில உடறான் அந்தக் கம்பெனிக்காரன். நமக்கு மட்டும் டப்பு வாங்காம, லாரியும் அனுப்பி, டீசலும் அவனே போடறானே, இன்னாத்துக்கு?" தலைவர் சிரித்தார். "ஊருக்கு நல்லது செய்யறாங்கம்மா. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்தான்." அண்ணி கையைத் தட்டிவிட்டுக் கேசரியைச் சாப்பிட்டார். அதில் நெய் இல்லை, டால்டாதான் என்றும் வீட்டுக்கு வந்து சொன்னார்.

அண்ணியின் சந்தேகம் எங்கள் தெருவில் பிரசித்தம். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். தன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார். அந்த நைனாவே கல்யாணத்துக்கு முன் என் அண்ணனைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னபோது, "நல்லவருன்னு யாரு சொன்னது, அவங்க ஊட்டுக்காரங்களா?" என்று கேட்டவராம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், டாக்டர் தேவையில்லாமல் ஊசி போடுகிறார், பக்கத்து வீட்டு மிக்ஸி எங்கள் மின்சாரத்தில் ஓடுகிறது, எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு கண். பாதிக்கு மேல் பொய்யாகத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க அண்ணன்தான் போவார். எனக்கும் அவரைப் பார்த்துப் பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. ஒரு நல்ல செய்தியைக்கூட அவர் முன்னால் நிம்மதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த மைதானத்தில் எங்களுக்குக் கபடி ஆட வழி செய்தவரும் அவர்தான். பிறந்த ஊரில் நன்றாக ஆடியவர். கல்யாணத்தோடு நின்றுபோன ஆட்டத்தை என்னையும் தெருவில் இருந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். சாயங்காலம் மண்வெட்டியால் மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, பொலபொலப்பாக்கி வைப்போம். ஒரே தொல்லை, மைதானத்தை ஒட்டித் தொழிற்சாலைக்கு வரும் லாரிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்களும் கிளீனர்களும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். அண்ணி கல்யாண பிளெக்ஸ், காதுகுத்து பிளெக்ஸ் என்று ஊரில் கிடந்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்துக் கட்டி ஒரு மறைப்பு செய்தார். காற்றடித்தால் மணமக்கள் எங்கள் மேல் வந்து விழுவார்கள். ஐப்பசி வந்தால் ஆட்டமே கிடையாது, மைதானம் குளமாகிவிடும். கூரையும் நாலு சுவரும் எங்களுக்கு எவ்வளவு அவசியம் என்று தலைவரைவிட அண்ணிக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் முகம் கோணியது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

முழு மைதானத்தையும் கொடுத்துவிடுங்கள், கட்டி முடித்ததும் எல்லாம் உங்களுக்குத்தானே என்றுதான் தலைவர் முதலில் கேட்டார். அண்ணி பாதிக்கு மேல் ஒரு அடி தர மாட்டேன் என்றார். மைதானம் அவர் பெயரில் ஒன்றும் இல்லை, ஆனால் அங்கே தினமும் காலூன்றி நின்றவர் அவர் ஒருவர்தான். "இருக்கறத குடுத்துட்டு, வரப்போறதுக்கு வாயப் பொளந்துக்கினு நிக்கணுமா? ஹால் கட்டி முடி. சாவிய எங்க கைல குடு. மறுநாளு மீதிய எடுத்துக்கோ." கூட்டத்தில் எல்லோருக்கும் கோபம். நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறாள் என்று பேசினார்கள். எனக்குக்கூட வெட்கமாக இருந்தது. கடைசியில் கட்டடத்தைக் கொஞ்சம் குறுக்கி, கிழக்குப் பாதியில் கட்டுவதென்று முடிவானது. மேற்குப் பாதி எங்களுக்கு.

முதலில் வந்தது வளைவு. அரங்கம் எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இல்லாத நாளிலேயே, நுழைவாயிலில் பெரிய வளைவு கட்டி, பெயர் எழுதி, வண்ணமும் அடித்துவிட்டார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் கசடு மேடும் நாலு குழியும்தான். அப்புறம் மழை வந்தது, குழியில் தண்ணீர் நின்றது, தவளை கத்தியது. மழை நின்றதும் ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார் என்றார்கள். புதியவர் வந்து தூண் எழுப்பினார், தேர்தல் அறிவித்ததும் வேலை நின்றது. தேர்தல் முடிந்ததும் ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைத்ததும் ஊரடங்கு. தூண்களின் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. யாராவது "எப்போது முடியும்" என்று கேட்டால் தலைவர் "பொங்கலுக்குள்ள" என்பார். எந்தப் பொங்கல் என்று அண்ணி மட்டும் கேட்பார்.

வேலை நடக்காத காலத்தைவிட நடந்த காலத்தில்தான் அண்ணிக்கு அதிக பேஜாரு. கட்டடப் பொருள் மெல்ல மெல்ல எங்கள் பாதிக்கு நகரும். ஒரு நாள் செங்கல், ஒரு நாள் ஜல்லி. ஒருமுறை நாங்கள் போனபோது ஆடுகளத்தின் மேல் கம்பிக் கட்டுகள் கிடந்தன. மேற்பார்வையாளர், "ரெண்டு நாளுதாம்மா, எடுத்துடுவோம்" என்றார். "ரெண்டு நாளு யாரு நாளு? உன் நாளா, என் நாளா?" என்று கேட்டுவிட்டு அண்ணி புடவையை இழுத்துச் செருகினார். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, துருப்பட்ட கையோடு அந்தக் கம்பிகளைக் கிழக்குப் பக்கம் தூக்கிப்போட்டோம். மேற்பார்வையாளர் தடுக்கவில்லை, போனில் யாரிடமோ "அந்தம்மா வந்துட்டாங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீந்த கசடு இரண்டு லோடை எங்கள் பக்கம் சமன்படுத்தத் தருகிறேன் என்று ஒருமுறை தலைவரே வந்து சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன். அண்ணி மைதான நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். லாரி திரும்பிப் போனது.

இதற்கிடையில் வயது யாருக்காகவும் நிற்கவில்லை. எங்கள் அணியிலேயே நன்றாகப் பாடிப்போகிறவள் என் தோழி. எதிர்ப்பக்கம் நுழைந்தாள் என்றால் தொடாமல் திரும்பமாட்டாள். லாரிக்காரர்கள் எடுத்த படம் ஒன்று அவள் அப்பாவின் போனுக்கே வந்து சேர்ந்துவிட்டது. "ஹால் வரட்டும், சுவத்துக்குள்ள ஆடட்டும், அப்ப அனுப்பறேன்" என்றார் அவர். ஹால் வரவில்லை, மாப்பிள்ளை வந்தார். இப்போது அவள் ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போகிறாள். மைதானத்தைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்குவாள், நிறுத்தமாட்டாள். இந்தத் தாமதத்துக்கு யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை.

எல்லாத் தடையும் தாண்டி ஒரு நாள் அரங்கம் திறந்தே விட்டது. வழுவழுப்பான சிமெண்டுத் தரை, மேலே தகரக் கூரை, சுவரில் நீல வண்ணம். புதிய விரிப்பின் மேல் பெண்கள் உருண்டார்கள். சாவி கைக்கு வந்தது, சொன்ன சொல்படி மேற்குப் பாதியைக் கொடுக்க வேண்டியதுதானே என்று தலைவர் கேட்டார். "ஒரு மழ பாக்கலாம்" என்றார் அண்ணி. அப்போது நானே அவரோடு சண்டை போட்டேன். "நல்லது நடந்தாக்கூட உங்களுக்குக் கண்ணு தெரியாதா அண்ணி?" என்று கேட்டேன்.

அந்த மழைக்காலத்தில் முதலில் கதவு தரையில் உரசியது. தச்சரைக் கூப்பிட்டு அடியில் இழைத்தோம். மறுபடி உரசியது. பிறகுதான் பார்த்தோம், தரை மேலே வந்துகொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் அந்த வகைக் கசடு உப்புமாம், மெதுவாக, வருஷக்கணக்கில். திறந்த வெளியில் கொட்டினால் யாருக்கும் தெரியாது, மேலே சிமெண்டுத் தரை போட்டு மூடினால் தூக்கிவிடும். நடுத்தரை பூரி மாதிரி எழும்பி வெடித்தது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அரங்கத்தைப் பூட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். அண்ணி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். "அன்னிக்கே சொன்னேனே" என்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம், தலைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணி திரும்பி வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். ஜெயித்தவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது அண்ணி பொன்னேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் போய்விட்டது, படி ஏற முடியவில்லை. நான் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு மேற்குப் பாதியில் பெண்களை ஆடவைக்கிறேன். போன வாரம் புதிய பொறியாளர் ஒருவர் வந்தார். சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். எங்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் குழி தோண்டச் சொல்லி, மண்ணை உதிர்த்துப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார். "இங்க மட்டும்தாங்க ஒரிஜினல் மண் இருக்கு. யாரும் எதுவும் கொட்டல. இங்கயே புது ஹால் கட்டிடலாம். பழச இடிச்சு, கீழ இருக்கற கசடயெல்லாம் எடுத்துட்டு, அத அப்புறமா கிரவுண்டா மாத்திக்கலாம்."

அந்த 'அப்புறமா'தான் எனக்கு இடித்தது. எதையும் கொட்ட விடாமல் அண்ணி காத்த காரணத்தாலேயே அந்த இடம் இப்போது கட்ட லாயக்கான இடமாகிவிட்டது. கொடுத்தால் காலூன்ற ஒரு பிடி மண் இருக்காது. மறுபடி குழி, மழை, பொங்கல். என்னிடம் இப்போது ஆடுகிற பெண்களும் ஸ்கூட்டரில் குழந்தையோடு போவார்கள். கொடுக்காவிட்டால் கூரை வராது, மறைப்புக்கு பிளெக்ஸ் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணிக்குப் போன் போட்டேன். அவர் கத்துவார், அந்தக் கத்தலை அப்படியே கொண்டுபோய்ப் பொறியாளரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அண்ணி, "குடுத்துடு" என்றார்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக நான் அண்ணியைச் சந்தேகப்பட்டேன். யாரோ வந்து பேசியிருக்கிறார்களா? தலைவர் பார்த்துவிட்டுப் போனாரா? மருந்து மயக்கமா? கேட்டேவிட்டேன். அவர் சிரித்தார். "யாரும் வரல. நான் கேட்டது ஹாலுதான்டி. கிரவுண்டு இல்ல. அது நெஜமா வரணுமேன்னுதான் அத்தினி கேள்வி கேட்டுக்கினு இருந்தேன். நீங்கல்லாம் நான் வாணாங்கறேன்னு நெனச்சிக்கினீங்க." பிறகு சொன்னார்: "குடுத்துட்டு ஊட்டுக்கு வந்து படுத்துடாத. தெனம் போய் நில்லு. இன்னா கொட்டறான்னு பாரு. நான் ஒத்த ஆளா நின்னேன், அதான் தோத்தேன்."

பொறியாளரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். இன்று மதியமே வந்து இடத்தை அளந்து, சிவப்புச் சாயம் அடித்த முளைக்குச்சிகளை நட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பெண்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விசிலைக் கையிலேயே வைத்திருந்தேன். லாரிகளின் விளக்கு எரிய ஆரம்பித்தும் ஆட விட்டேன். அணியிலேயே சின்னவள் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, எப்பவும் வெளிச்சம் இருக்கறப்பவே ஊட்டுக்குத் தொரத்துவ. இன்னிக்கி இன்னா?"

"சும்மாதான். போய் ஆடு."

அவள் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், முளைக்குச்சிகளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "யாரும் போவாதீங்கடி, அக்கா இன்னாவோ மறைக்கறாங்க" என்று கத்தினாள். ஆட்டம் நின்றது. வேர்வையும் புழுதியுமாக எல்லோரும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்திகூட என்னை நம்பவில்லை என்பது அவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி. விசிலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.