புளி போட்டு விளக்கிய எல்போ

என் டைரியில் சித்திரை இரண்டாம் வெள்ளிக்கு நேரே ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘தொட்டேன். கையோடு வந்துவிட்டது.’

வெயில், மழை, பஸ் வந்த நேரம் என்று தினமும் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டுத்தான் எனக்குத் தூக்கம். அன்றைக்கு அந்த வரிக்கு மேல் பேனா ஓடவில்லை. ஏன் என்கிறீர்களா?

அன்னவாசலுக்குப் பக்கத்தில் என் அக்கா வீடு. திருச்சியில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, அங்கிருந்த பிரஷர் டேங்க்கை மச்சான் வாங்கி வந்து கிணற்றடியில் நிறுத்தியிருக்கிறார். ஆள் உயர இரும்பு உருளை. மோட்டார் கிணற்றுத் தண்ணீரை அதற்குள் தள்ளும். உள்ளே அடைபட்ட காற்று அதை அழுத்தும். குழாயைத் திறந்தால் சீறிக்கொண்டு வரும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். மாடியில் தொட்டி வேண்டாம், போட்டு நிறுத்த ஆள் வேண்டாம் — மச்சானுக்கு அதில் தனிப் பெருமை.

கிணறு அவர்களுடையதுதான். ஆனால் கோடையில் தெருவுக்கே அது ஒன்றுதான். மற்றக் கிணறுகள் வற்றிவிட்டால், கயிறும் வாளியுமாக வருகிறவரைத் தடுக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். இந்த வருஷம் அதிலும் முழங்காலளவுதான் கிடந்தது.

நான் போனபோது எதிர்வீட்டு வள்ளிக்கண்ணு கிணற்றடியில் நின்றிருந்தாள். அவள் மாடு கன்று போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாளி வாளியாகக் குடிக்கிற நேரம்.

“வாங்க தம்பி. ஒங்க மச்சான் மிஷினைக் கொஞ்சம் விசாரிங்க. யாரும் கொழாயத் தொறக்கல. அதுபாட்டுக்கு ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. எம் மாட்டுக்கு உள்ளதையும் சேத்து அதுவே குடிக்கிது போல.”

அக்கா விடுவாளா? “ஒம் மாடு குடிக்கிற குடிக்கு எங்க மிஷினு எம்புட்டோ தேவல.”

எங்காவது ஒழுகினால்தானே அழுத்தம் குறையும்? டேங்க்கின் அடியில் குனிந்து பார்த்தேன். குழாய் திரும்புகிற இடத்தில் ஒரு பித்தளை எல்போ. குத்துவிளக்கு மாதிரி மின்னியது. நடுவில் சந்தனம், குங்குமம். அது இரும்புக் குழாயோடு சேருகிற இடத்தில் சோப்பை அப்பித் துணி சுற்றிய ஒரு கட்டு. கட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக... கீழே பாசி படர்ந்திருந்தது.

“ரொம்ப நாளா ஒழுகுதாக்கா?”

“தையிலேருந்து கசியுது. மச்சான்தான் சோப்பு வச்சுக் கட்டுனாக. ஆனா ஒண்ணு தம்பி, நான் இத அழுக்கா விட்டதே இல்ல. வெள்ளிக்கெழம வெளக்கு வெளக்கையில இதையும் புளி போட்டு வெளக்கிருவேன். இதுவும் பித்தளைதான?”

சொல்லிக்கொண்டே புளியும் செங்கல்பொடியுமாக அதன் முன்னால் குந்திவிட்டாள். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை அல்லவா? முகத்துக்கும் எல்போவுக்கும் ஒரு சாண்கூட இல்லை.

“கொஞ்சம் தள்ளிக்கக்கா. கட்டப் பிரிச்சுப் பாத்துர்றேன்.”

தள்ளினாள். துணியைப் பிரித்தேன். எல்போவை லேசாக அசைத்தேன்...

மிச்சம்தான் டைரியில் இருக்கிறதே.

என் கையில் பித்தளை. தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் அறைந்தது. சற்று முன் அக்காவின் முகம் இருந்த அதே உயரத்தில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. புளி பிடித்த கையோடு அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடனே மோட்டாரை நிறுத்தியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த தெரு, கொட்டுகிற தண்ணீரைக் கண்டதும் குடம் எடுக்க ஓடியது. வீணாகப் போகலாமா? நானும் ஓர் அண்டாவை இழுத்து வைத்தேன். “இங்கிட்டு வைங்க... அந்தத் தவலைய அங்கிட்டுத் தள்ளுங்க” என்று வள்ளிக்கண்ணு அதிகாரம் செய்தாள். கயிறு இழுக்காமல் தண்ணீர். சிரிப்பும் பேச்சுமாகக் கிணற்றடி திருவிழாவாகிவிட்டது. அழுத்தம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும் என்று சொன்னேனே — அது ஓடிக்கொண்டே இருந்தது. குடங்கள் நிறைந்த பிறகு தண்ணீர் தெருவில் ஓடியது.

மாட்டுக்கு இன்னொரு வாளி என்று வள்ளிக்கண்ணு கயிற்றைக் கிணற்றுக்குள் விட்டாள். ‘தொப்’பென்று ஒரு சத்தம். தண்ணீரில் விழுகிற வாளி அப்படியா விழும்?

எட்டிப் பார்த்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள்.

“இம்புட்டு நேரமா நாம புடிச்சது நம்ம கெணத்தயா?”

சொட்டச் சொட்ட நனைந்திருந்த எனக்கு ஸ்விட்சைத் தொடப் பயம். அக்காதான் உள்ளே போய் உலக்கையை எடுத்துவந்து, அதன் நுனியால் மெயின் கைப்பிடியைக் கீழே தள்ளினாள்.

அப்புறம்தான் எல்போவைத் திருப்பிப் பார்த்தேன். வெளியே கண்ணாடி. உள்ளே மாட்டியிருந்த இரும்புக் குழாயின் நுனியில் திருகிப் பிடிக்கிற மரை என்று ஒன்று இல்லை. விரல் பட்டதும் அப்பளம் போல் உதிர்ந்தது. வெள்ளிதோறும் புளித்தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கியிருக்கிறது. மின்னுகிறதைத் துலக்குகிறோம், தாங்குகிறதற்குத் துணி சுற்றுகிறோம். கிணற்றடியில் மட்டுமா, சொல்லுங்கள்?

சந்தையிலிருந்து வந்த மச்சான் கேட்ட முதல் கேள்வி: “பித்தளைக்கு ஒண்ணும் ஆகலயே மாப்ள?”

ஆகவில்லை என்றேன். வேறென்ன சொல்வது?

நான் பிடித்து வைத்த அண்டாவை ஒரு பக்கம் அக்கா பிடித்தாள், மறுபக்கம் வள்ளிக்கண்ணு. இருவருமாக மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அது ஒரு நாளைக்கு. மறுநாளைக்கு?

அக்கா கார்டு போட்டிருக்கிறாள்: ‘ஊற்றுத் திரும்பிவிட்டது. கணுக்காலளவு தெளிந்த தண்ணீர்.’ அன்னவாசல் பஸ்ஸில் வந்த அவள் தெருக்காரர் சொல்வது வேறு: வாளியில் இன்னும் சேறுதானாம், வள்ளிக்கண்ணு மாட்டையும் கன்றையும் பிறந்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாளாம்.

இரண்டில் எது உண்மை என்று நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. டைரியில் அந்த ஒரு வரிக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.