இருபத்து நான்காவது கூண்டு

டோர்மட் மெக்காஸ்கில் யார் என்று கேட்டால் எங்கள் தீவில் எல்லோரும் "மிங்க் பிடிக்கிறவன்" என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன் அவன் பதினோரு வருஷம் மீன்பிடிப் படகில் இருந்தான், பிறகு தகரக் கொட்டகையில் தறி போட்டுக் கம்பளி நெய்தான். அதெல்லாம் ஊருக்கு மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் பக்கத்து வீடு என்னுடையது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று வந்தால், விடிவதற்குள் தடக் தடக் என்று தொடங்கிவிடுவான். அவன் தறியை விற்ற அன்று நான் எனக்காகவே ஒரு கேக் செய்து சாப்பிட்டேன்.

மிங்க் எங்கள் தீவின் பிராணி இல்லை. தோலுக்காக யாரோ பண்ணை வைத்தார்கள், பண்ணை நொடித்தது, அவை தப்பித்துக் காட்டில் பெருகின. கீரி அளவு உடம்பு, அடங்காத வெறி. என் கோழிக்கூட்டில் ஒருமுறை புகுந்து ஏழு கோழிகளையும் கொன்றுபோட்டது. தின்றதா என்றால் அதுவும் இல்லை. கரையில் முட்டையிடும் ஆலாப் பறவைகள் மூன்று வருஷமாக ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. ஆகவே மிங்கை ஒழிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், டோர்மட்டைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தவள் நான்தான்.

அவன் கெட்டிக்காரன், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மிங்க் கரையோரத்தை விட்டு விலகாது, வழியில் ஒரு பொந்து தென்பட்டால் உள்ளே தலையை நீட்டிப் பார்க்காமல் போகாது. அந்த ஒரு குணம் அவனுக்குப் போதும். ஓடை கடலில் சேருமிடத்தில் கம்பிக் கூண்டை வைத்து, மேலே கல்லையும் மண்ணோடு பெயர்த்த புல்கட்டியையும் அடுக்கி அசல் பொந்து மாதிரியே ஆக்கிவிடுவான். கூண்டின் வாய் தண்ணீரைப் பார்த்திருக்கும். ஆனால் கடல் பெரிதாக ஏறும் நாளிலும் நனையாத உயரத்தில் இருக்கும். உள்ளே மீன் வைக்கமாட்டான். மீன் வைத்தால் நண்டும் ஊர்ப் பூனைகளும்தான் வருமாம். செத்த மிங்கின் வாலடிச் சுரப்பியை எடுத்து ஜாம் புட்டியில் ஊறவைத்து, அதில் ஒரு சொட்டைப் பாசியில் தடவி உள்ளே வைப்பான். வேறொரு மிங்க் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று ஆத்திரப்பட்டு உள்ளே பாயும், மிதிபலகையில் கால்பட்டதும் கதவு விழும். நாற்றம் தாங்காமல் அந்தப் புட்டியை அவன் மனைவி எஃபி வீட்டுக்குள் விடவில்லை. என் வேலியோரமாகக் கொண்டுவந்து வைத்தான் புண்ணியவான்.

வைத்த கூண்டை நாளுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. எங்கள் ஊரிலோ ஞாயிறு கர்த்தருடைய ஓய்வுநாள், துவைத்த துணியைக்கூடக் கொடியில் போடமாட்டோம். அதனால் சனிக்கிழமை மதியமே இருபத்து நான்கு கூண்டுகளின் கதவையும் மூடிக் கம்பியால் கட்டிவிட்டு வருவான். திங்கட்கிழமை விடிந்ததும் திரும்பத் திறப்பான். ஆறு வருஷமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த நவம்பரில்தான் தப்பியது, அதில் பாதிப் பழி என்னுடையது. ஏரியிலிருந்து கடலுக்கு ஓடும் வாய்க்காலில் அந்த இலையுதிர்காலத்தில் ஒரு நீர்நாய் தன் குட்டியோடு திரிந்தது. இரண்டு குட்டிகளில் ஒன்று காரில் அடிபட்டுச் செத்துப்போனது, மிச்சம் இது ஒன்றுதான். டோர்மட்டுக்கு அதன்மேல் உயிர். குட்டி இன்றைக்கு நண்டு பிடித்தது, குட்டி பாறையில் வழுக்கி விழுந்தது என்று சாயங்காலமானால் எஃபியிடம் இதே பேச்சு. பெரிய நீர்நாய் நுழைய முடியாதபடி அங்கிருந்த இருபத்து நான்காவது கூண்டின் வாயைக் கம்பி வைத்துச் சிறுத்திருந்தான். குட்டி நுழைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். விடிகாலையில் முதலில் அந்தக் கூண்டைப் போய்ப் பார்ப்பதால் சில மணி நேரம் மாட்டிக்கொண்டாலும் ஆபத்தில்லை என்று நினைத்திருந்தான்.

சனிக்கிழமை ஆலங்கட்டி மழை கொட்டியது. நான் காரில் வரும்போது அவன் சாலையோரம் தலையைக் குனிந்துகொண்டு ஏரிப்பக்கம் நடந்துகொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி, ஏறு, நனைந்து சாகப்போகிறாயா என்று அதட்டினேன். ஏறினான். ஏறியவனை எங்கே போகிறாய் என்று கேட்டேனா? அந்த நாற்றப்புட்டியைப் பற்றி வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். அவனும் பதில் சொல்லிச் சொல்லி, இறங்கி வீட்டுக்குள் போய்விட்டான்.

மறுநாள் ஆலயத்தில் போதகர், மந்தையை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறதென்று கண்ட மேய்ப்பனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எனக்கு முன்வரிசையில் டோர்மட் உட்கார்ந்திருந்தான். அவனுடைய விரல்கள் முழங்காலில் ஒவ்வொன்றாக மடங்கின. ஓரிடத்தில் நின்றன. கழுத்து வெளுத்துப் போனது. மாரடைப்புதான் என்று நினைத்து நான் பையில் மாத்திரை தேடினேன். பிரசங்கம் அதற்குப் பிறகும் ஐம்பது நிமிஷம் நடந்தது. நடுவில் எழுந்து போகும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெக்கி, ஏரிக் கூண்டை நான் மூடல. குட்டி உள்ள மாட்டியிருந்தா இந்நேரம் குளிர்ல செத்திருக்கும்."

ஏற்றிக்கொண்டு வந்தவள் நானல்லவா. வா போகலாம் என்று நான் சொல்வதற்குள் சபை மூப்பர் ஆங்கஸ் எதிரே வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை கோழி முட்டையிட்டாலே முறைக்கிற மனுஷர். பள்ளி மைதானத்து ஊஞ்சலைச் சனிக்கிழமையே சங்கிலி போட்டுக் கட்டுவது அவர்தான். டோர்மட் அவரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். கேட்டுவிட்டு மூப்பர் இரண்டு தரம் செருமினார்.

"நீர்நாயா இருந்தா தெறந்து விடு. அது இரக்கம், அதுக்கு இன்னைக்குத் தடையில்ல. மிங்கா இருந்தா தொடாத. அதைக் கொல்றதுக்கு நீ சம்பளம் வாங்கற, அது வேலை."

"அப்ப அதையும் தெறந்து விட்டுடவா?"

"ஏழு கோழியப் பறிகொடுத்த இந்தப் பொம்பளைய வச்சுக்கிட்டா கேக்கற?" என்று என்னைக் காட்டினார்.

திங்கட்கிழமை வரைக்கும் அது பட்டினியாகக் கிடக்கட்டுமா என்று நான் கேட்டேன். உன் மாட்டுக்கு இன்றைக்குத் தீனி வைத்தாயா என்று அவர் டோர்மட்டைக் கேட்டார். வைத்தேன் என்றான். அப்புறம் என்ன கேள்வி என்று தொப்பியை அழுத்திக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

எஃபி, முந்தினநாள் சமைத்த ஆட்டிறைச்சியில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கறுப்பு உடுப்பில் மூன்று பேர், ஆலயத்துக்கு எதிர்த்திசையில், கையில் இறைச்சியோடு. வழிநெடுக ஜன்னல் திரைகள் அசைந்தன. டோர்மட் எதையும் பார்க்கவில்லை. நான்கு மணிக்கு இருட்டிவிடும், அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற நினைப்பில் பாதி ஓட்டமாகப் போனான்.

கூண்டின் கதவு விழுந்திருந்தது. கற்களின் இடுக்கில் நனைந்த பழுப்பு முதுகு ஒன்று தெரிந்தது, அசைவில்லை. டோர்மட் நல்ல கால்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டான். ஆனால் கல்லை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

"நீங்க பாருங்க பெக்கி. என்னால முடியல."

நான் குனிந்து மேல்கல்லை நகர்த்தினேன். முதுகு துள்ளித் திரும்பியது. மோவாயில் வெள்ளைப் பொட்டு, ஊசிப் பற்கள், ஒரு சீறல், அப்புறம் அந்தப் பாழாய்ப்போன நாற்றம். என் வேலியோர நாற்றமேதான். என் வாழ்நாளில் ஒரு துர்நாற்றத்துக்காக நான் கடவுளை ஸ்தோத்திரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

"மிங்க்டா," என்றேன். "நல்லா உசிரோட இருக்கு."

அவன் அப்படியே ஈரப்புல்லில் உட்கார்ந்து சிரித்தான், சிரிக்கும்போதே அழுதான். மூப்பர் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த டோர்மட் வேலையில் இறங்கினான், வேலை என்று சொல்லக்கூடாது. காற்று வரும் பக்கம் புல்கட்டி வைத்து அடைத்தான். பாறையடியில் கிடந்த காய்ந்த கோரையைக் கம்பி வழியாக உள்ளே திணித்தான். இறைச்சியைச் சிறிது சிறிதாகப் பிய்த்து நீட்டினான். முதலில் சீறியது, பிறகு பிடுங்கித் தின்றது. தண்ணீர் எதில் வைப்பது என்று அவன் முழித்தபோது, மூப்பர் தன் மிட்டாய் டப்பாவைத் திறந்து புதினா மிட்டாய்களைச் சட்டைப்பையில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவை நீட்டினார்.

திரும்பும் வழியில் வாய்க்கால் பாறையில் நீர்நாயையும் குட்டியையும் பார்த்தோம். குட்டி ஒரு நண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. டோர்மட் நின்று, மூச்சை முழுதாக இழுத்துவிட்டான். நான் அந்த வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த வசவுகளையெல்லாம் மறந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவன் காற்றுத் துப்பாக்கியோடு போனான். கூண்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டு திரும்பும்போது என் சமையலறைக்கு வந்தான். வழக்கமாக ஆணா பெண்ணா, எவ்வளவு எடை என்று நான் கேட்காமலே சொல்பவன், நாற்காலியில் சும்மா உட்கார்ந்தான். முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது, ஒரே குண்டு, அதற்குத் தெரியவே தெரியாது என்றான்.

நான் டீ ஊற்றி முன்னால் வைத்தேன். அவன் கோப்பையைத் தொடவில்லை.

"என்னைப் பாத்ததும் அது சீறல பெக்கி. சாப்பாடு கொண்டாந்திருக்கேன்னு நெனச்சுக் கம்பிகிட்ட வந்துச்சு."