டைம் கீப்பர் வீட்டு பேட்டரி

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போன வீடுகளில், டைம் கீப்பர் வீட்டில்தான் நான் அதிக நாள் இருந்தேன். இரண்டு வருடம், நான்கு மாதம். பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் அவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது திரும்பியது என்று குறிப்பதே வேலை. ஓய்வு பெற்ற பின்னும் தெருவுக்கு அவர் டைம் கீப்பர்தான். மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கை கால் பயிற்சி எல்லாம் என் பொறுப்பு.

அந்த அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. ஊரின் மறுகோடியில், அரை மணி நேரத் தொலைவில், அவருடைய தங்கை இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து அவரும் படுக்கையோடு சரி. காதும் கேட்காது, போனில் பேச வழியில்லை. "ஒரு தடவை நேர்ல பாத்துட்டா போதும்" என்பார் அம்மா.

அதற்காகத்தான் டைம் கீப்பர் சின்ன எஸ்யூவி ஒன்று வாங்கினார். தாழ்வான காரில் அம்மாவை உட்கார வைப்பது பெரும்பாடு. இதில் இருக்கை இடுப்பு உயரம். சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தினால் ஒரே திருப்பில் மாற்றிவிடலாம்.

வண்டி எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்பார். தயார் என்றால் அவருக்குத் தெரிந்தது பணிமனை முறைதான். காலை ஏழு மணிக்குக் கீழே இறங்கி இன்ஜினைக் கிளப்புவார். ஹெட்லைட், வைப்பர், ஏசி, ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். கைக்கடிகாரப்படி ஐந்து நிமிடம் ஆனதும் அணைத்துவிடுவார். வண்டி ஓர் அடி நகராது.

ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா படுக்கையிலிருந்தே ஆரம்பிப்பார். "போச்சு, ஏழு மணி வண்டி கிளம்பிடுச்சு. டிக்கெட் வாங்கினவங்க எல்லாம் ஏறியாச்சா?"

"கிண்டல் பண்ணு, பண்ணு. ஒரு அவசரம்னா அப்ப தெரியும்."

"எங்கேயும் போகாத வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு உபசாரம்? அரை மணி நேரம் ஓட்டுனா என் தங்கச்சி வீட்டு வாசல்ல போய் நிக்கும்."

அவர் என்னைப் பார்ப்பார். நான் சரி என்று சொல்லமாட்டேன். முதலில் முதுகுப் புண். அது ஆறியதும் மழை. மழை விட்டதும் சளி. "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் சார்" என்பேன். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் காற்றுத் தலையணை வைத்து அரை மணி நேரம் உட்கார வைக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். என் கையில் இருக்கும்போது எதுவும் ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துத் தங்கை வீட்டுக்கும் சொல்லி அனுப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் நாற்காலியை மூன்று படி இறக்கித் தந்தார்கள். அம்மாவை இருக்கையில் ஏற்றி, பெல்ட்டும் போட்டாயிற்று. டைம் கீப்பர் சாவியைத் திருப்பினார். டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. விளக்குகள் மங்கின.

தெருமுனை பேட்டரிக் கடைக்காரர் வந்து பானட்டைத் திறந்தார். பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது.

"எத்தனை நாளா சும்மா நிக்குது சார்?"

"சும்மாவா? தினமும் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்றேன்பா."

"அதான் பேட்டரியைக் கொன்னுருக்கு. கிளப்புறதுக்கு ஒரு குடம் கரண்ட் எடுக்கறீங்க, திருப்பி ஊத்துறது ஒரு டம்ளர். லைட்டு, ஏசி போட்டா அந்த டம்ளரும் கிடையாது. வாரத்துல ஒரு நாள் அரை மணி நேரம் ரோட்ல ஓட்டியிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கும்."

"டிப்போல இப்படித்தான் பண்ணுவோம்."

"டிப்போ வண்டி அதுக்கப்புறம் நாள் முழுக்க ஓடுமே சார்."

வண்டிகள் வெளியே போனதையே முப்பத்தோரு வருடம் எழுதியவர். முகம் சுண்டிப்போனது.

கடைக்காரர் தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டார். இன்ஜின் கிளம்பிவிட்டது. "அணைக்காம ஓட்டிட்டுப் போங்க. அங்க அணைச்சா மறுபடி கிளம்பாது. ஒரு போன் போடுங்க, நான் வந்து எடுத்து விடறேன்."

அம்மா என்னையே பார்த்தார்.

"வழியில நின்னுட்டா என்ன பண்றது?" என்றேன். "புது பேட்டரி போட்டுட்டு அடுத்த ஞாயிறு போலாம்."

"நீங்க சொன்னா சரி சிஸ்டர்" என்றார் டைம் கீப்பர். அம்மா வலது கையால் பெல்ட்டைத் துழாவினார். வரவில்லை. நான்தான் அவிழ்த்தேன்.

திங்கட்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. நுரையீரல் முழுக்கச் சளி. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டிக்குப் பொருந்தும் பேட்டரி செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வந்தது. மாற்றுத்துணி எடுக்க நானும் அவரும் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் கடைக்காரர் அதை மாட்டினார். கறுப்பு ஒயரை முதலில் கழற்றினார், பிறகு சிவப்பு. கேபிள் முனைகளைச் சோடா மாவுத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். புதியதை வைத்துப் பட்டையை இறுக்கி, சிவப்பை மாட்டி, கடைசியில் கறுப்பை மாட்டினார். கால் மணி நேர வேலை. வண்டிக்குள் இருந்த கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. டைம் கீப்பர் அதில் நேரம் வைக்கப் பார்த்தார். இரண்டு தடவை தப்பாக வந்தது, விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அம்மா வீடு திரும்பியபோது கழுத்து நிற்கவில்லை. சாய்த்து வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. வண்டியில் உட்கார வைக்கும் பேச்சே எழவில்லை.

அடுத்த ஞாயிறு டைம் கீப்பர் மட்டும் தங்கை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, "நல்லா இருக்கா. உன்னைத்தான் கேட்டா" என்றார்.

அம்மாவுக்குப் பேச்சு குழறியது. "மெலிஞ்சுட்டாளா?"

"சேச்சே. அப்படியேதான் இருக்கா."

சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தார். "பாதி உடம்பு இல்ல சிஸ்டர். இப்ப ஆளே தெரியல அவளுக்கு. நாம வர்றதா சொன்ன அன்னைக்கு மட்டும் தலை சீவச் சொல்லி, வாசல்ல நாற்காலி போட்டுத் தூக்கி வைக்கச் சொல்லி, மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தாளாம்."

அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கழுவினேன்.

"பேட்டரியைக் கெடுத்தது நான்தானே" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் கெடுத்தது பேட்டரியைத்தான். ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து அம்மாவை இறக்கியது நான். மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.