மார்க் இருக்குதா பாரு

என் வீட்டுக்காரர் அந்த ஜீப்பின் மேல் வைத்திருந்த ஆசையில் பாதியை என் மேல் வைத்திருந்தால் நான் ராணி மாதிரி இருந்திருப்பேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இப்போது சொல்வதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் அது இன்னும் ஒரு முழம் கூடும். தப்பு செய்த அன்றைக்கு மட்டும் அந்த வாய் எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

அது பழைய ஜீப். எங்களுக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் காடு மேடு ஏறுவதற்காகத் தூக்கிக் கட்டியிருந்தார். ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்து, பெரிய டயராக மாட்டி, ஏறுவதற்கு நான் சேலையைத் தூக்கிச் செருக வேண்டிய உயரம். தூக்கிக் கட்டியபோது முன்னால் இருந்த ஸ்வே பார் நீளம் எட்டாமல் போயிருக்கிறது. மனிதர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். ஸ்வே பார் என்பது வண்டிக்கு அடியில் குறுக்கே போகிற வளைந்த இரும்புக் கம்பி, அவ்வளவுதான். திரும்பும்போது வண்டியை ஒரு பக்கமாகச் சாய விடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது இல்லாததால் எங்கள் ஜீப் ஒவ்வொரு திருப்பத்திலும் குடித்தவன் மாதிரி சாய்ந்தது. காடும் மேடும் எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது? மணிமங்கலத்தைத் தாண்டினால் ஒரகடம் வரைக்கும் கம்பெனி மதிலும், கார் ஏற்றிப் போகும் நீள லாரிகளும், புழுதியும்தான்.

நாங்கள் இரண்டு பேருமே கம்பெனி ஆட்கள். நான் ஒரகடத்தில் காருக்கு முன்பக்க சஸ்பென்ஷன் கோத்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். அவர் பதினோரு வருஷம் வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டில் நின்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை கேட்டில் கார்டைக் காட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. வாயைத் திறந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, விளக்குதான் சொன்னது. திரும்பி வந்தவர் சாயங்காலம் வரைக்கும் ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சிய ஒரே வேலை, மூன்றாம் வகுப்பு படிக்கிற எங்கள் பெண்ணைக் காலையில் பள்ளியில் விட்டுவிட்டு மாலையில் கூட்டி வருவது. அதை அவர் ஷிப்டுக்குப் போகிற மாதிரியே செய்தார். ஏழே முக்காலுக்குக் குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, தலை வாரிக் கிளம்புவார். ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து, அப்பா வண்டி இன்று படுத்துக்கொள்ளப் பார்த்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். எனக்கு ரத்தம் கொதித்தது. வண்டி நேராக நிற்கிற வரைக்கும் பிள்ளை அதில் ஏறக்கூடாது என்று அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் வேனில் போனாள்.

கம்பெனி வேண்டாம் என்று அனுப்பிய மனிதனிடம், பிள்ளையைக் கூட உன்னை நம்பிக் கொடுக்க மாட்டேன் என்று நானும் சொல்லிவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் இறங்கி வரவில்லை. வேன் வரும் நேரத்தில் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் வந்து நிற்பார். அவள் ஜன்னல் வழியாகக் கையாட்டி, உன் வண்டி எப்பப்பா ரெடியாகும் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

இரண்டு மாதம் அலைந்து அவர் ஒரு பாரைத் தேடிப் பிடித்தார். படப்பை பக்கம் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கிடைத்தது. பாரின் இரண்டு முனையையும் அச்சோடு சேர்க்கிற குட்டைக் கம்பிக்கு லிங்க் என்று பெயர். வண்டி உயர்ந்திருப்பதால் அதை நீளமாக லேத்தில் செய்து வாங்கினார். நான் தினமும் கையில் தொடுகிற சாமான்தான். ஆனால் அதை ஒரு முழு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி முடிந்ததும் ஆரம்பித்தோம். வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் ஜீப்பை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கினோம். சக்கரங்கள் காற்றில் தொங்கின. நைட்டிக்கு மேல் கம்பெனி கோட்டை மாட்டிக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். பாரைச் சட்டத்தோடு பட்டை போட்டு இறுக்கினோம். லிங்க் இரண்டையும் மாட்டி, அதன் நாலு நட்டையும் விரலாலேயே சுற்றி நிறுத்தினோம். அவற்றை அப்போதே ஸ்பேனர் போட்டு முறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் உள்ளே இருக்கிற ரப்பர் கோணலாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் அச்சில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும். இதை அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்குப் பாடம் எடுக்காதே என்று நான் சொன்னேன். அதைத் தவிர அன்று எங்களுக்குள் சண்டையே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அரை நாள் முழுக்கச் சண்டையில்லாமல் நாங்கள் சேர்ந்து செய்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, அவர் நின்ற கம்பெனியிலும் அதேதான். முறுக்கி முடித்த நட்டின் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து நிற்பவள் நட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டாள், கோட்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவாள். ஆனால் லைன் வேகம் ஏறுகிற நாட்களில் நாங்கள் முதலில் எல்லா நட்டிலும் கோட்டை இழுத்துவிட்டு, அப்புறம் வரிசையாக முறுக்கிக்கொண்டே போவோம். அதில் நாலைந்து விநாடி மிச்சம். சூப்பர்வைசர் பார்த்தால் திட்டு விழும். எங்களுக்குள் அதற்கு, கோலம் போட்டுட்டு வாசல் பெருக்குறது என்று பெயர். சொல்லிச் சிரிப்போம். எல்லோருமே செய்வோம்.

ஜாக்கியை இறக்குவதற்காக அவர் வெளியே உருண்டு போனார். நான் அடியிலேயே கிடந்தேன். கோட்டுப் பையில் பேனா இருந்தது. கை தானாக அதை எடுத்தது, மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றியது, நாலு நட்டிலும் நாலு கோடு. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவே இல்லை என்பதுதான் என் குற்றம்.

நானும் வெளியே வந்ததும் கட்டைகளை எடுத்து வண்டியை இறக்கினோம். நான் குக்கர் வைக்க உள்ளே போனேன். அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பழைய கூட்டாளி ஒருவர் பேசினார். அரை மணி நேரம் தெருவில் நடந்துகொண்டே பேசினார். வயது தாண்டிவிட்டது என்று முடிந்துபோன பேச்சு அது. பேசி முடித்துத் திரும்பி வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"டைட் பண்ணிட்டியா?"

லைனில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னிடம் கேட்கிற கேள்வி அது. பத்துத் தடவையும் நான் சொல்கிற பதில்தான் அப்போதும் வாயில் வந்தது.

"மார்க் இருக்குதா பாரு."

"கீது."

"அப்புறம் இன்னா?"

அவர் ஸ்பேனரைப் பெட்டியில் வைத்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது விசிலுக்குக் காத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றிருந்தேன்.

சாயங்காலம் தனியாகவே படப்பை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கோடு போட்ட மாதிரி நேராகத் திரும்புகிறது என்றார். பாப்பாவை நாளைக்குக் கூட்டிப் போகட்டுமா என்று, மேஸ்திரியிடம் லீவு கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார். கூட்டிப் போ என்றேன். வேன்காரருக்கு நானே போன் போட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் நான் லைனில் நிற்கும்போது போன் வந்தது. ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிரே கம்பெனி பஸ் வந்திருக்கிறது. இவர் ஒதுங்கித் திரும்பியிருக்கிறார். முந்தின நாள் நேராக நின்ற வண்டிதானே என்று பயப்படாமல் திரும்பியிருக்கிறார். ஒரு பக்கத்து நட்டு எங்கேயோ கழன்று விழுந்து, லிங்க் விடுபட்டு, பார் ஒரு கையால் தொங்கியிருந்தது. ஜீப் கரையிலிருந்து சாய்ந்து மனைக்கல் நட்ட வயலில் விழுந்தது. அவருக்கு நெற்றியில் ஏழு தையல். பெண்ணுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் அண்ணன் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். எப்படி ஆச்சு என்று கேட்டார். என் விரல் இடுக்கில் மஞ்சள் பெயின்ட் இன்னும் போகாமல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், நெற்றிக் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சொன்னார்.

"நட்டு டைட் பண்ண மறந்துட்டேன், மச்சான். என் தப்புதான்."

சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அண்ணன் பிடித்துக்கொண்டார். வேலை வெட்டி இல்லாதவன் கையில் பிள்ளையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நர்ஸ்கள் காதிலெல்லாம் விழும்படி கத்தினார். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, டிபன் பையைப் பிடித்தபடி நின்றேன். எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறவள், அன்று ஊமை.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? தெருவில் எல்லோரும் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். எல்லோருக்கும் அதே பதிலைச் சொன்னார். ஜீப்பை உடைக்கிற இடத்துக்கே கொடுத்தார். பெண்ணின் மாவுக்கட்டைப் பிரித்த அன்று, அண்ணனின் பைக்கை வாங்கிக்கொண்டு வந்து அவளை ஏறச் சொன்னார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா ஓட்டினா நான் வர்ல."

அவர் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சரி கண்ணு என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுவதும் நின்றுவிட்டது. நடுப்பகல் வரைக்கும் பனியனோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார், டிவி ஓடாது.

நான் லீவு போட்டிருந்த ஒரு நாளில், பெண் பள்ளிக்குப் போன பிறகு, என்னால் தாங்க முடியாமல் போனது. அவர் என் தாய்மாமன் மகன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மாமாதான், நீ, வா, போதான். எதிரில் போய் உட்கார்ந்தேன். இன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். கோடு போட்டவள் நான், நீ கேட்டபோது பார்க்காமலே பதில் சொன்னவளும் நான், அப்பா மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுதுவிட்டேன். அவர் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லாத," என்றார்.

"ஏன் மாமா? நீ எத்தினி நாளைக்கு இப்டியே ஒக்காந்துகினு இருப்ப?"

"சொன்னா இன்னா ஆவும்? என்கிட்ட திரும்பி வந்துடுவாளா? வண்டி சாயறப்ப ஸ்டியரிங்க புடிச்சுகினு இருந்தவன் நான். அத அவ கண்ணால பாத்துட்டா. நீயும்தான்னு சொன்னா, ஒன்னையும் நம்ப மாட்டா. ரெண்டு பேர்ல ஒருத்தரையாவது நம்பி அவ பயப்படாம ஏறட்டும், வுடு."

சண்டை போடத் தெரிந்தவளுக்கு இந்த மாதிரி பேச்சுக்கு மறுபேச்சு தெரியாது. எழுந்து போய் அரிசி களைந்தேன்.

இன்றுவரை நான் சொல்லவில்லை. ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு, அவளைக் காலையில் என் ஸ்கூட்டியில் நானே பள்ளிக்குக் கூட்டிப் போகிறேன். ஏரிக்கரைத் திருப்பம் வருவதற்கு முன்பே அவளுடைய இரண்டு கையும் என் இடுப்பை இறுக்கிக்கொள்ளும். நேற்று அந்த இடத்தில் நான் வேகத்தைக் குறைத்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ ஓட்டினா எனக்கு இன்னாம்மா பயம்?"