யார் காட்டிக்கொடுத்தது?

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அன்ரியும் என்னைப் போல யாழ்ப்பாணத்தவர். என்னை மகள் என்றே கூப்பிடுவார். மேல்மாடியில் ஒரு முஸ்லிம் பெண் குடியிருந்தார். கண்களைத் தவிர முகம் முழுவதையும் மூடியிருப்பார். படிக்கட்டில் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவேன்.

ஒரு காலையில் பொலிஸார் நேரே என் அறைக்கு வந்து என்னைக் கொண்டுபோனார்கள். எனக்குப் புலிகளோடு தொடர்பென்று யாரோ தகவல் கொடுத்திருந்தார்கள்.

"முகத்தை மூடிக்கொண்டு திரியிற அந்த மேல்வீட்டுப் பொம்பிளைதான் சொல்லியிருப்பா," என்று நிலையத்தில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அடித்துச் சொன்னேன்.

மத்தியானம் அந்த மேல்வீட்டுப் பெண்ணே அங்கு வந்தார். எனக்குப் பொறுப்பு நிற்பதாகச் சிங்களத்தில் சொன்னார். அடையாள அட்டையோடு முகத்தை ஒப்பிட வேண்டும் என்றார் அதிகாரி. அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவர் திரையை விலக்கினார்.

"வீட்டுக்கார அம்மாவே இவள்மேல் சந்தேகம் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் ஏன் வந்தீர்கள்?" என்று அதிகாரி அவரிடம் சிங்களத்தில் கேட்டது எனக்கு விளங்கியது.

தன் தங்கைக்காக அறையை விடச் சொல்லி அன்ரி கேட்டிருந்தார். நான் தவணை கேட்டிருந்தேன். முதல்நாள்கூட எனக்குப் பிட்டு அவித்துத் தந்தவர்.

அவர் பொறுப்பில் என்னை விட்டார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண், "ஒங்களத் தேடி ஒருத்தரும் போகல்ல. அதான் நான் வந்த, புள்ள," என்றார்.

அன்ரியின் துரோகம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவரை ஒருதரமும் சந்தேகிக்காத நான், ஒரு வார்த்தைகூடப் பேசிப் பழகாத இவரை ஏன் உடனே சந்தேகித்தேன்? அந்தத் துணியைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.